உயிர்த் தகவலியல்: எதைக் கொண்டு கற்கத் தொடங்குவது?

உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் தங்கைமாரும் அவர்களின் உம்மா வாப்பாமாரும் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "மருத்துவத்துக்கு இசட் புள்ளி போதாவிட்டால் உயிர்த் தகவலியல் படிக்கலாமா? எந்தக் கோர்ஸுக்குக் காசு கட்டுவது?" இத்துறையில் வேலை செய்பவள் என்ற வகையில் என் பதில்: படிக்கலாம். ஆனால் முதல் மூன்று மாதங்களுக்கு எதற்கும் காசு கட்ட வேண்டாம்.

மனித மரபணுத் தொகுதியில் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் உள்ளன. அவற்றைக் கணினியால் வாசித்து உயிரியல் கேள்விகளுக்கு விடை தேடுவதே இத்துறை. 1965இல் மார்கரெட் டேஹொஃப் என்ற பெண் விஞ்ஞானி, அன்று தெரிந்திருந்த புரதத் தொடர்களைத் திரட்டி நூலாக்கினார். இன்று அத்தகைய தரவுகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அமெரிக்க ஆய்வாளர் திறக்கும் அதே பக்கத்தைக் கல்முனையிலிருந்தும் திறக்கலாம்.

உயிரியல் பிரிவு மாணவிக்குப் பொதுவாக இரண்டு குறைகள் இருக்கும்: நிரலாக்கம், புள்ளிவிபரவியல். (கணிதத்தைச் சாதாரண தரத்தோடு விட்டுவிடுகிறோம் அல்லவா!) எனவே கற்றல் வளத்தைத் தேடும்போது "எது பிரபலம்?" என்று பார்க்காமல், "எனக்கு எது இல்லை?" என்று பாருங்கள்.

நிரலாக்கத்துக்கு நான் முதலில் சொல்வது ரொசலிண்ட் இணையத்தளம். பெயர் ரொசலிண்ட் ஃபிராங்க்ளினுடையது. அங்கே விரிவுரை கிடையாது, கணக்குகள்தான். டீ.என்.ஏ. தொடரில் நான்கு எழுத்துகளும் எத்தனை தடவை வருகின்றன என்று எண்ணுவது ஆரம்பக் கணக்கு. அடுத்தது அதை ஆர்.என்.ஏ. ஆக்குவது. உயிரியல் நமக்குத் தெரிந்ததே, பைதன் மொழி மட்டும்தான் புதிது. தரவைத் தரவிறக்கியதும் ஐந்து நிமிடத்துக்குள் விடை கொடுக்க வேண்டும் என்பதால் கையால் எண்ணித் தப்பவும் முடியாது.

அதோடு சொந்தமாக ஒரு சிறு கேள்வியும் வேண்டும். நம் வீடுகளில் சீனி வருத்தம் இல்லாத வீடு குறைவு, ஆகவே இன்சுலினை எடுத்துக்கொள்ளுங்கள். யூனிபுரொட் தரவுத்தளத்தில் மனித இன்சுலினைத் தேடினால் 110 அமினோ அமிலங்கள் வரும். ஆனால் குருதியில் செயற்படும் இன்சுலினில் இருப்பவை 51 மட்டுமே. மீதி எங்கே? உடல் அவற்றை வெட்டி நீக்கிவிடுகிறது. அடுத்து மாட்டு இன்சுலினை அருகில் வைத்து ஒப்பிடுங்கள். அந்த 51இல் மூன்று இடங்களில் மட்டுமே வேறுபாடு. மாட்டு இன்சுலின் நெடுங்காலம் மனிதருக்கு ஏற்றப்பட்டது இதனாற்றான். ஆனால் வெட்டப்படும் பகுதியில் வேறுபாடு மிக அதிகம், நீளம்கூட ஒன்றல்ல. ஏன் அப்படி என்று யோசிக்கத் தொடங்கினால் நீங்கள் பரிணாமம் படிக்கிறீர்கள், அதுவும் உண்மையான தரவில்.

இதே தேடலைப் பிளாஸ்ட் கருவியிலும் செய்து பாருங்கள். ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில் 'ஈ-பெறுமானம்' என்ற எண் வரும். இவ்வளவு நல்ல பொருத்தங்கள் தற்செயலாகவே எத்தனை கிடைக்கலாம் என்பதை அது சொல்கிறது. அந்த எண் புரியும் அளவுக்கு நிகழ்தகவு படித்தால் தொடக்கத்துக்குப் போதும்.

வீட்டில் பழைய மடிக்கணினிதான் உண்டா? கெலக்சி என்ற தளத்தில் பாரமான கணிப்புகளெல்லாம் அவர்களுடைய கணினிகளிலேயே நடக்கும். அதன் பயிற்சிப் பாடங்களும் இலவசம்.

இனிப் பெற்றோருக்கு. மூன்று மாதம் கழித்தும் மகளுக்கு ஆர்வம் குறையாவிட்டால் கட்டணப் பயிற்சி பற்றி யோசிக்கலாம். விளம்பரத்தில் சான்றிதழின் படம் பெரிதாக இருக்கும். அதை விட்டுவிட்டுப் பாடத்திட்டத்தைக் கேளுங்கள். மாணவி தானே எழுதிய நிரலை யாராவது திருத்தித் தருவார்களா? உண்மைத் தரவில் ஒரு வேலையாவது முழுதாகச் செய்விப்பார்களா? பாடம் எப்போது புதுப்பிக்கப்பட்டது? இந்த மூன்றாவதற்கு மகளே விடை கண்டுபிடிக்கலாம். மாதிரிப் பாடத்தில் 'பிரின்ட்' என்ற கட்டளைக்குப் பின் அடைப்புக்குறி இல்லையென்றால், அது 2020 ஜனவரியோடு ஆதரவு நிறுத்தப்பட்ட பழைய பைதன்.

எந்தச் சான்றிதழும் பட்டத்துக்கு ஈடாகாது. வேலைக்குப் பெரும்பாலும் பட்டமும், ஆய்வுப் பணிக்கு அதற்கு மேல் முதுமாணியும் கேட்பார்கள். ஆகவே பல்கலைக்கழக விண்ணப்பத்தை நிரப்புவதற்கு முன்பே, பெறுபேறு வரும்வரை காத்திருக்கும் அந்த மாதங்களில் இன்சுலினைத் திறந்து பார்ப்பது நல்லது.