பட்டாளத்துக்காரர் மனைவியின் கடை வருமானம்: வரி யார் கணக்கில், எந்த ஊரில்?

கடப்பாக்கத்தில் மொத்த வியாபாரம் செய்துவரும் நமக்கு, சில்லறைக் கடைக்காரர்கள் சரக்குச் சிட்டையோடு வரிச் சந்தேகங்களையும் கொண்டு வருவது பழகிப் போன ஒன்று. சென்ற மாதம் நம்மிடம் பருப்பும் எண்ணெயும் எடுக்கும் ஒரு பெண்மணி வந்தார். கணவர் ராணுவத்தில் சுபேதார். பதான்கோட்டில் குடும்பக் குடியிருப்பு கிடைத்திருக்கிறது. "ஐயா, ஒரு வருஷம் அவர்கூடப் போய் இருக்கப் போறேன். கடையைத் தம்பி பாத்துக்குவான். இனிமே வருமான வரியைப் பஞ்சாப்லதான் கட்டணும்னு சொல்றாங்க, நெசமா?" என்று கேட்டார்.

நிஜமில்லை. நம் நாட்டில் விவசாய வருமானம் நீங்கலாக மற்ற வருமானத்தின் மீது வரி போடும் அதிகாரம் மத்திய அரசுக்கு மட்டுமே உண்டு. அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணை, மத்தியப் பட்டியல், 82-வது இனம் அதைத்தான் சொல்கிறது. விவசாய வருமான வரி மாத்திரம் மாநிலத்துக்கு விடப்பட்டிருக்கிறது. எனவே பதான்கோட்டில் இருந்தாலும் கடப்பாக்கத்தில் இருந்தாலும் அதே பான் எண், அதே விகிதம். வீட்டு விலாசம் மாறினால் அதைப் பதிவில் திருத்திக்கொள்ள வேண்டும், அவ்வளவே.

'வசிப்பவர்' என்ற சொல் நம் வருமான வரிச் சட்டத்திலும் உண்டு. ஆனால் அது மாநிலத்தைப் பற்றியது அல்ல, நாட்டைப் பற்றியது. ஒரு நிதியாண்டில் 182 நாட்கள் இந்தியாவில் இருந்தவர் இங்கு வசிப்பவர் ஆகிறார். (குறைந்த நாட்களுக்கு வேறு விதிகளும் உள்ளன.) கணவனுக்கு ஒரு கணக்கு, மனைவிக்கு ஒரு கணக்கு. கணவர் அரசுப் பணியாக வெளிநாடு போனாலும் மனைவியின் நாட்கள் மாறுவதில்லை. தவிர, இந்தியக் குடிமகனுக்கு அரசு தரும் சம்பளம், வெளிநாட்டுப் பணிக்கானது என்றாலும், இந்தியாவில் கிடைத்ததாகவே கருதப்படும்.

அப்படியானால் அந்த அம்மாளுக்கு இந்தப் பயம் எங்கிருந்து வந்தது? அமெரிக்காவில் இருக்கும் யாரோ உறவினர் சொன்னதாக இருக்கலாம் என்பது நம் ஊகம். அங்கே பல மாநிலங்கள் தனித்தனியே வருமான வரி போடுகின்றன. டெக்சாஸ், புளோரிடா போன்ற சில போடுவதில்லை. சிப்பாயின் சம்பளத்துக்கு அவருடைய சொந்த மாநிலமே வரி போடலாம் என்ற பாதுகாப்பு வெகுநாளாக உண்டு. ஆனால் கூடவே ஊர் ஊராக மாறிப் போகும் மனைவி அங்கே ஒரு வேலைக்குப் போனால், அந்த மாநிலம் வரி கேட்டது. 2009-இல்தான் இதற்கென ஒரு சட்டம் வந்து, மனைவியும் பழைய மாநிலத்தையே வைத்துக்கொள்ளலாம் என்றது. 2018-லும் 2023 ஜனவரியிலும் அதை இன்னும் தளர்த்தினார்கள். கவனிக்க: அது மனைவி உழைத்துப் பெறும் ஊதியத்தைப் பற்றிய சலுகை. சரக்கு வைத்து நடத்தும் கடையின் லாபத்துக்கு அப்படியே பொருந்தும் என்று எண்ணிவிடக் கூடாது.

நம் நாட்டிலும் மாநிலமும் திருமணமும் சேர்ந்து வரியைத் தீர்மானித்த கதை ஒன்று உண்டு. சிக்கிமியர் சிக்கிமில் ஈட்டும் வருமானத்துக்கு 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 10(26ஏஏஏ) பிரிவு விலக்கு தந்தது. 2008-இல் சேர்க்கப்பட்ட அந்தப் பிரிவிலேயே, 2008 ஏப்ரல் 1 முதல் சிக்கிமியர் அல்லாதவரை மணக்கும் சிக்கிம் பெண்ணுக்கு மட்டும் விலக்கு இல்லை என்று எழுதிவிட்டார்கள். வெளியே பெண் எடுத்த ஆணுக்கு அப்படி ஒன்றும் இல்லை! 2023 ஜனவரி 13 அன்று உச்ச நீதிமன்றம் அந்த வாசகத்தைச் செல்லாது என்று தள்ளியது.

இனி, அந்த அம்மாள் கேட்காத கேள்விக்கு வருவோம். நம் பார்வையில் அபாயம் பஞ்சாபில் இல்லை, கடையின் முதலில் இருக்கிறது. "கடைக்கு முதல் யார் போட்டது?" என்று கேட்டோம். ஆறு லட்சத்தில் நாலு லட்சம் கணவர் அனுப்பியது, இரண்டு லட்சம் தன் நகையை விற்றுப் போட்டது என்றார். கணவன் மனைவிக்குச் சும்மா கொடுத்த பணத்திலிருந்து வரும் வருமானத்தை, 1961 சட்டத்தின் 64-வது பிரிவு கணவன் வருமானத்தோடு சேர்க்கச் சொல்கிறது. 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டின் புதிய சட்டம் என்றாலும் இந்தக் கொள்கை போய்விடவில்லை.

கடையாக இருந்தால் சேர்க்கும் விகிதம் இப்படி: ஆண்டின் முதல் நாளில் மொத்த முதல் எவ்வளவு, அதில் கணவர் கொடுத்தது எவ்வளவு என்று பார்க்க வேண்டும். ஆறில் நாலு, அதாவது மூன்றில் இரண்டு பங்கு. கடை லாபம் மூன்று லட்சம் என்றால் இரண்டு லட்சம் கணவர் தலையில் விழும். அவர் சம்பளம் 11 லட்சம் என்று வைப்போம். 2025-26 நிதியாண்டின் புதிய முறையில் நிலைக்கழிவு 75,000 போக 10.25 லட்சம், 12 லட்சத்துக்குள் இருப்பதால் வரி இல்லை. கடை லாபம் இரண்டு லட்சம் சேர்ந்தால் 12.25 லட்சம். எல்லையைத் தாண்டிய 25,000 ரூபாயே வரியாகி, மேல்வரி 1,000-மும் சேர்ந்து 26,000 கட்ட வேண்டியதாகிறது. சம்பளக்காரருக்கான எளிய படிவமும் பிறகு உதவாது.

அந்தப் பணத்தைக் கடனாக வாங்கி, வங்கி வழியே வரவு வைத்து, ஒரு சீட்டு எழுதி, உண்மையாகவே திருப்பிக் கொடுத்து வந்திருந்தால் சேர்க்கும் பேச்சே எழாது. பேருக்குக் கடன் என்று எழுதிவிட்டுத் திருப்பாமல் இருப்பது வேறு. அதை விடக் கேடு, கடைக் கல்லாப் பணத்தைக் கணவர் வங்கிக் கணக்கில் போடுவது. மொத்த விற்பனையும் அவர் பான் எண்ணில் தெரியும், கேள்வியும் அவருக்கே வரும். அவர் எல்லையில் இருந்துகொண்டு பருப்பு விற்ற கணக்குச் சொல்ல முடியுமா?

ஊரோடு ஒட்டிய வரிகள் இரண்டு. தொழில் வரி உள்ளாட்சிக்குரியது. அரசியல் சட்டப்படி ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் போகாது. ராணுவத்தில் பணிபுரிபவருக்கு இதிலிருந்து விலக்கு உண்டு, ஆனால் கடை நடத்தும் மனைவிக்கு அது ஒட்டாது. கடை இங்கே இருக்கும்வரை இங்கேதான் கட்ட வேண்டும். இரண்டாவது, ஜி.எஸ்.டி. நம் மாநிலத்தில் சரக்கு மட்டும் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் வரை பதிவு தேவையில்லை. ஆனால் இங்கிருந்து அப்பளமும் வடகமும் பஞ்சாப் வாடிக்கையாளருக்குப் பார்சல் போட ஆரம்பித்தால், அது மாநிலம் கடந்த விற்பனை. வரி உள்ள சரக்கு என்றால் 40 லட்ச எல்லை அங்கே காப்பாற்றாது, பதிவு செய்தே ஆக வேண்டும்.

அந்த அம்மாள் அன்றே தன் பெயரில் நடப்புக் கணக்கு ஒன்று தொடங்கினார். கணவர் அனுப்பிய நாலு லட்சம் எந்தெந்தத் தேதியில் வந்தது என்று பழைய பாஸ் புத்தகங்களைத் தேடிக்கொண்டிருக்கிறார். ரயில் டிக்கெட் அடுத்த மாதத்துக்குத்தான்.