ஒளியும் நீரும்

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு எல்லையில் சித்தூர் வட்டம் அமைந்துள்ளது. எருத்தேம்பதி, வடகரப்பதி முதலிய அதன் எல்லையூர்களில் தமிழ் பேசும் உழவர் பலர் வாழ்கின்றனர். கேரளத்தின் பிற பகுதிகளைவிட இங்கு மழை குறைவு. கணவாய் வழியே வீசும் காற்றும் வறண்டது. ஆழியாற்றின் வழியே வரும் நீரும் அளவானதே. தமிழ்நாடும் கேரளமும் 1970-இல் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. நீர் இப்பகுதிக்கு உரியது. ஆகவே, கிடைக்கும் நீரை வீணாக்காமல் விளைச்சலாக மாற்றுவது இவ்வுழவர்க்கு இன்றியமையாதது.

ஒளியின் துணையால் இலை, நீரையும் கரியமில வாயுவையும் சேர்த்து உணவாக்குகிறது. அவ்வாயுவை உள்ளே வாங்க இலைத்துளைகள் திறக்கின்றன. அத்துளைகளின் வழியே நீர் ஆவியாகி வெளியேறுகிறது. வேர் உறிஞ்சும் நீரில் 95 விழுக்காட்டுக்கும் மேல் இவ்வாறே செலவாகிறது. ஒளி மிகுந்தால் இலை சூடேறி நீர்ச்செலவு பெருகும். ஆனால், ஓர் எல்லைக்குமேல் உணவாக்கம் பெருகாது. ஒளி குறைந்தால் நீர் மிஞ்சும், காய் குறையும்.

கோடையில் சித்தூரின் வெயில் அவ்வெல்லையைக் கடந்துவிடும். அப்போது நிழல்வலைக்குடில் உதவுகிறது. 50 விழுக்காட்டு வலை ஒளியில் பாதியைத் தடுக்கும். கீரைக்கும் நாற்றுக்கும் அது ஏற்றது. தக்காளி, மிளகாய் முதலிய காய்ச்செடிகளுக்கோ அவ்வளவு நிழல் ஆகாது. தண்டு மெலிந்து நீளும், பூக்கள் உதிரும். அவற்றுக்கு 35 விழுக்காட்டு வலையோ, நண்பகலில் மட்டும் விரிக்கும் வலையோ நன்று.

இடுக்கி மாவட்டத்தின் எல்லையிலுள்ள வட்டவடையில் நிலைமை வேறு. காரட்டும் உருளைக்கிழங்கும் விளையும் அம்மலைச்சரிவில் மேகமும் மூடுபனியும் சூழும் நாள்களில் ஒளியே அரிது. அங்கு நிழல்வலை விளைச்சலைக் குறைக்கும். மழையைத் தடுத்து ஒளியை விடும் பாலித்தீன் கூரையே பொருந்தும். அதில் படியும் தூசியையும் பாசியையும் கழுவுவதும் ஒளியைக் காப்பதாகும்.

இடமும் பயிரும் அறிந்து ஒளியை அளந்து தருபவர், நீரையும் அளந்து செலவிடுகிறார்.

சொற்பொருள்
விழுக்காடு – நூற்றில் பங்கு
அரிது – எளிதில் கிடைக்காதது

வினாக்கள்
1. இலைத்துளைகள் திறப்பதால் விளையும் நன்மை யாது? இழப்பு யாது?
2. 35 விழுக்காட்டு வலை எவ்வளவு ஒளியை உள்ளே விடும்?
3. சித்தூருக்கு ஏற்ற வலை வட்டவடைக்கு ஏன் பொருந்தவில்லை?