வாசிப்பும் பொருளறிதலும்

சங்கத்திலிருந்து வரும் நோட்டீஸை நான்காம் வகுப்புப் பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லும் தகப்பனார் பலர். பிள்ளை தடங்கலின்றி வாசித்துவிடும். எந்தத் தேதிக்குள் எவ்வளவு கட்டவேண்டும் என்று கேட்டாலோ விழிக்கும். தவணை தப்பி அபராத வட்டி ஏறிய பின்புதான் நோட்டீஸின் பொருள் வீட்டாருக்கு விளங்குகிறது.

தமிழெழுத்தின் சௌகரியமே இதற்கு ஒரு காரணம். எழுத்துக்களைக் கற்ற பிள்ளை, அர்த்தம் தெரியாத சொல்லையும் பெரும்பாலும் சரியாகவே ஒலித்துவிடும். ஆகவே உரக்க வாசிப்பதைக் கேட்டு மட்டும் திருப்தியடையலாகாது.

கேள்வி கேட்பதிலும் ஏமாற்றம் உண்டு. ‘மிளவன் தொகுடியில் சரலினான்’ என்பது பொருளற்ற வாக்கியம். ‘மிளவன் எங்கே சரலினான்?’ என்று கேட்டால், ‘தொகுடியில்’ என்று எந்தப் பிள்ளையும் சொல்லிவிடும். வேற்றுமை உருபே விடையைக் காட்டிக்கொடுக்கிறது. பாடப் புத்தகக் கேள்விகளிலும் இவ்வகையானவை இல்லாமலில்லை.

‘மழை பொய்த்தது. கண்மாய் வற்றியது. மாடசாமி மாடுகளைச் சந்தைக்கு ஓட்டிச் சென்றான்’ என்று வாசித்த பிள்ளையிடம், ‘ஏன் ஓட்டிச் சென்றான்?’ என்று கேட்க வேண்டும். விடை எந்த வரியிலும் இல்லை. வைக்கோல் இல்லையென்று ஒரு பிள்ளை சொல்லும். கடன் கட்டப் பணம் வேண்டுமென்று மற்றொன்று சொல்லும். காரணம் பொருந்துமானால் இரண்டையும் ஒப்புக்கொள்ளலாம். வீட்டுப் பேச்சில் சொன்னால் கொச்சையென்று தடுக்கலாகாது. நூல்நடையில் வாசித்ததைத் தன் பேச்சில் திருப்பிச் சொல்வதே பொருளறிந்ததற்கு நல்ல அடையாளம்.

புதுக்கோட்டை ஜில்லாவில் 1991-ல் நடந்த அறிவொளி இயக்கம் இவ்விஷயத்தில் நினைக்கத்தக்கது. கல் உடைக்கும் பெண்கள் குழுக்களாகச் சேர்ந்து குவாரிகளைக் குத்தகைக்கு எடுத்து நடத்திய காலம் அது. திரளான பெண்கள் சைக்கிள் பழகியதும் அப்போதுதான். குத்தகைக் கணக்கைப் பார்க்க வேண்டியவர்களுக்கு எழுத்து வெறும் ஒலியாக இருக்க வழியில்லை. ஆரம்பப் பள்ளிகளுக்கென 2022-ல் அரசாங்கம் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில், பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் எனத் தரம் பிரித்ததும் தக்கதே; எழுத்துக்கூட்டும் பிள்ளைக்கும் கதை வாசிக்கும் பிள்ளைக்கும் பாடம் ஒன்றாக இருக்க முடியாது.

எழுதப்படிக்கத் தெரியாத அங்கத்தினரும் இக்காரியத்தில் உதவலாம். அசல், வட்டி, தவணை, பாக்கி, ஜாமீன் என்னும் சொற்களின் எழுத்து பிள்ளைக்குத் தெரியும். அவற்றின் பொருளை அனுபவத்தால் அறிந்தவர் தகப்பனார். மாலையில் கடன் பாஸ்புத்தகத்தைப் பிள்ளையிடம் கொடுத்து, சென்ற தவணையில் கட்டியது எவ்வளவு, அதில் வட்டிக்குப் போனது எவ்வளவு, இன்னும் நிற்பது எவ்வளவு என்று கேட்டறியலாம். பிள்ளை சொன்ன தொகையை மறுநாள் சங்கக் காரியதரிசியிடம் ஒத்துப் பார்த்துக்கொள்ளலாம்.