இரு படச்சுருள் நிறுவனங்கள்

நிழற்படம் எடுத்தல் ஒரு காலத்தில் எல்லார்க்கும் எளிய செயல் அன்று. கண்ணாடித் தகடுகளும் மருந்துக் குப்பிகளும் முக்காலியும் இருட்டுக் கூடாரமும் சுமந்து திரிய வல்லார்க்கே அது கைகூடிற்று. அமெரிக்க நாட்டு ரோச்செஸ்டர் நகரில் வங்கி எழுத்தராயிருந்த ஜார்ஜ் ஈஸ்ட்மன் என்பார் இத்தொல்லையை ஒழிக்க முனைந்தார். பகலில் வங்கிப் பணி. இரவில் தாயாரின் அடுக்களையில் ஆய்வு. முதற்கண் உலர்தகடு செய்து விற்றார். அவ்வாணிகம் நல்ல ஊதியம் தந்தது. எனினும், சுருட்டி வைக்கத்தக்க படச்சுருளுக்கே எதிர்காலம் உண்டு எனக் கண்டு அதன்மேற் கருத்தைச் செலுத்தினார்.

1888-ஆம் ஆண்டில் ‘கோடக்’ என்னும் கருவி வெளிவந்தது. நூறு படங்களுக்குரிய சுருள் அதனுள் இருந்தது. எடுத்து முடித்தவர் கருவியையே ஆலைக்கு அனுப்புவர். ஆலையார் படங்களை அச்சிட்டு, புதுச்சுருள் இட்டுத் திருப்பி அனுப்புவர். 1912-இல் ஈஸ்ட்மன் தம் நிறுவனத்தில் ஓர் ஆராய்ச்சிக் கூடமும் தோற்றுவித்தார். கருவியைக் குறைந்த விலைக்கு விற்று, பின்னர்ப் படச்சுருளும் தாளும் மருந்தும் விற்று ஆக்கம் பெறுவதே அந்நிறுவனத்தின் வழக்கமாயிற்று. எம் இளமையில் முப்பத்தாறு படங்கள் கொண்ட ஒரு சுருளை ஆண்டு முழுதும் சிக்கனமாகச் செலவிட்ட குடும்பங்கள் உண்டு. இன்றைய மாணவர் இதனை நம்புதல் அரிது!

1975-ஆம் ஆண்டில் அதே நிறுவனத்தின் இளம் பொறியாளர் ஸ்டீவன் சாசன் என்பார் விந்தையான கருவி ஒன்றைச் செய்து முடித்தார். அதன் நிறை ஏறத்தாழ மூன்றரைக் கிலோகிராம். அதில் சுருள் இல்லை. ஒளியை மின்குறிகளாக்கும் சிறு சில்லு இருந்தது. பத்தாயிரம் புள்ளிகளால் ஆகிய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று, பாட்டுக் கேட்கும் கேசட் நாடாவில் பதிவதற்கு 23 நொடிகள் சென்றன. பதிந்த படத்தைத் தொலைக்காட்சிப் பெட்டியிற் கண்டனர். டிஜிட்டல் கேமரா என இன்று வழங்குவதன் முதற்குழவி அதுவே.

குழவி பிறந்த வீட்டில் மகிழ்ச்சி மிகவில்லை. தொலைக்காட்சிப் பெட்டியில் யார் படம் பார்க்க விரும்புவர் என்று மேலாளர் வினவினர். 1981-இல் சோனி நிறுவனம் மாவிகா என்னும் மின்னணுக் கருவியை உலகிற்குக் காட்டியபோது, கோடக் நிறுவனத்தார் நிலைமையை நன்கு ஆராய்ந்தனர். மாற்றம் வரும், ஆயினும் பத்தாண்டுக் காலம் உண்டு என்று அவ்வாராய்ச்சி உரைத்தது. கணிப்பில் பெரும் பிழை இல்லை. கிடைத்த காலத்தைச் செலவிட்ட முறையிலேதான் பிழை. மின்னணுக் கருவிக்கும் அவர்கள் பெரும் பொருள் செலவிட்டது மெய்யே. எனினும் படச்சுருளின் ஊதியத்தைக் குறைக்கும் எதனையும் முழுமனத்தோடு தழுவ அவர்களால் இயலவில்லை. அவர்களை எள்ளி நகைத்தல் எளிது, முறையன்று. ரோச்செஸ்டர் நகரில் மட்டும் 1980-களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 60,000 பேர் அந்நிறுவனத்தில் பணி செய்தனர். அத்தனை குடும்பங்களுக்குச் சோறிட்ட தொழிலைத் தம் கையாலேயே சுருக்க எவர் மனந்தான் எளிதில் இசையும்? உலர்தகட்டை விட்டுச் சுருளுக்கு மாறிய ஈஸ்ட்மனுக்கு இவ்வளவு பெருஞ்சுமை இருந்ததில்லை.

ஜப்பான் நாட்டில் 1934-இல் தோன்றிய பியூஜி நிறுவனமும் படச்சுருளையே நம்பி வாழ்ந்தது. 2000-ஆம் ஆண்டளவில் உலகில் படச்சுருள் விற்பனை உச்சம் எய்திற்று. அடுத்த பத்தாண்டுகளில் பத்தில் ஒரு பங்கினும் குறைந்தது. அக்காலத்தில் பியூஜிக்குத் தலைமை தாங்கிய ஷிகெடாகா கோமோரி, ‘நம்மிடம் உள்ள கலையறிவு யாது? அது வேறு எத்தொழிலுக்கு உதவும்?’ என்று ஆராயுமாறு தம் அறிஞர்களைப் பணித்தார்.

விடை வியப்புத் தருவது. படச்சுருளின் முதன்மையான பொருள்களுள் ஒன்று கொலாஜன் என்னும் புரதத்தினின்று பெறும் ஜெலட்டின். நம் தோலுக்கு உறுதி தருவதும் அப்புரதமே. படத்தின் வண்ணம் மங்குவதற்கும் தோல் முதுமை எய்துவதற்கும் ஆக்சிசனேற்றம் ஒரு பொதுக் காரணம். ஆகவே, வண்ணம் மங்காமற் காக்கக் கற்றவர்கள் தோலைக் காக்கும் பூச்சுகள் செய்யத் தொடங்கினர். சுருளுக்கு அடித்தளமான மெல்லேடு, தட்டையான கணினித் திரைகளின் உறுப்பாயிற்று. 2006-இல் பல துறை அறிஞரும் ஓரிடத்துக் கூடி ஆயும் கூடம் ஒன்றும் நிறுவப்பட்டது. அவ்வாண்டிலேயே தம் பெயரினின்று ‘போட்டோ’ என்னும் சொல்லையும் நீக்கினர். 2008-இல் மருந்து நிறுவனம் ஒன்றையும் வாங்கினர்.

இம்மாற்றம் நோவின்றி நிகழ்ந்ததன்று. நிழற்படப் பிரிவில் ஏறத்தாழ 5,000 பணியிடங்களைக் குறைக்க 2006-இல் முடிவு செய்தனர். இதனை மறைத்துப் புகழ் மட்டும் பாடுதல் உண்மைக்குப் பொருந்தாது. கோமோரியும் எளிதாக இம்முடிவுக்கு வந்திருப்பார் என்று எமக்குத் தோன்றவில்லை.

கோடக் நிறுவனம் 2012-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் கடன் தீர்க்க இயலாது நீதிமன்றத்தின் காப்பை நாடிற்று. அடுத்த ஆண்டு சிறுத்த உருவோடு மீண்டு, பெரும்பாலும் அச்சுத் தொழிலுக்குரிய பொருள்களைச் செய்யலாயிற்று. திரைப்படம் எடுப்போர் சிலர் இன்றும் சுருளையே விரும்புகின்றனர். அவர்களுக்கான சுருள் ரோச்செஸ்டர் நகர ஆலையில் இன்றும் உருவாகி வருகின்றது.