மூட்டுக் கசியிழையத்தை மீள வளர்த்தல்: ஆராய்ச்சியும் அதற்குப் பணம் வழங்குவோரும்

(பொது அறிவும் கிரகித்தலும் – உயர்தர மாணவர்களுக்கான பாடம்)



முழங்கால் நோவு பற்றிய பேச்சு இல்லாத வீடு குறைவு. படியேறும்போது அம்மம்மா கைபிடியைப் பிடித்துக்கொண்டு நிற்பதையோ, உதைபந்தாட்டத்தில் முழங்காலில் அடிபட்ட அண்ணா அதன் பின்னர் மைதானத்துக்கே போகாததையோ நீங்கள் கண்டிருப்பீர்கள். 2019ஆம் ஆண்டில் உலகில் சுமார் 528 மில்லியன் மக்கள் என்பு மூட்டுவாதத்துடன் வாழ்ந்தனர் என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. இந்நோயால் அதிகம் பாதிக்கப்படும் மூட்டு முழங்கால் மூட்டாகும்.

தேய்ந்த மூட்டை மீண்டும் வளர்க்க முடியுமா? முடியும் என்று ஒருவர் சொன்னால் அதை எவ்வாறு சோதிப்பது? அச்சோதனைக்கு யார் பணம் கொடுப்பது? இம்மூன்று வினாக்களையும் இப்பாடத்தில் ஒழுங்காக நோக்குவோம். கலைப்பிரிவு மாணவர்கள் இதை விஞ்ஞானப் பாடம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். தரவு தரப்பட்டால் அதிலிருந்து சரியான முடிவுக்கு வருவது எல்லாப் பிரிவினருக்கும் தேவையான திறனாகும்.

1. மூட்டின் அமைப்பு

இரு என்புகள் சந்திக்கும் இடமே மூட்டு. என்புகளின் முனைகளைக் கசியிழையம் என்னும் வழுவழுப்பான படை மூடியிருக்கும். இது குருத்தெலும்பு என்றும் வழங்கப்படும். முழங்காலில் இதன் தடிப்பு சில மில்லிமீற்றர் மட்டுமே. நாம் நடக்கும்போதும் ஓடும்போதும் பாயும்போதும் ஏற்படும் அமுக்கத்தை இப்படையே தாங்குகிறது.

கசியிழையத்தின் பெரும்பகுதி நீர். எஞ்சியது பெரும்பாலும் கொலாஜன் நார்களும் நீரைப் பிடித்து வைத்திருக்கும் பெரிய மூலக்கூறுகளுமாகும். இவற்றை ஆக்கும் கசியிழையக் கலங்கள் மிகக் குறைந்த எண்ணிக்கையிலேயே காணப்படும்.

2. கசியிழையம் ஏன் தானாக ஆறுவதில்லை?

கையில் வெட்டுக்காயம் ஏற்பட்டால் குருதி வடிகிறது, உறைகிறது, சில நாட்களில் காயம் ஆறுகிறது. ஆற்றுவதற்கு வேண்டிய கலங்களையும் போசணையையும் குருதியே கொண்டுவருகிறது. மூட்டுக் கசியிழையத்திலோ குருதிக்கலன்கள் இல்லை, நரம்புகளும் இல்லை. அதன் கலங்கள் மூட்டுப் பாய்பொருளிலிருந்து ஊடுபரவி வரும் போசணையைக் கொண்டே வாழ்கின்றன. ஆகவே அதில் ஏற்படும் காயத்தைத் திருத்த வெளியிலிருந்து கலங்கள் வருவதில்லை. நரம்பு இல்லாமையால் சேதத்தின் ஆரம்பத்தில் நோவும் தெரியாது. நோவு தெரியும்போது சேதம் பெரும்பாலும் முற்றியிருக்கும்.

இது புதிய கண்டுபிடிப்பன்று. ஸ்கொட்லாந்தில் பிறந்த உடற்கூற்றியலாளர் வில்லியம் ஹன்ரர், அழிந்த கசியிழையம் மீள உருவாவதில்லை என்ற கருத்தை 1743ஆம் ஆண்டில் லண்டன் றோயல் சங்கத்தின் சஞ்சிகையில் எழுதினார். அதன்பின் இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாக இந்நிலையை மாற்ற மருத்துவத்தால் இயலவில்லை.

கவனிக்க: மூட்டுவாதம் என்பது ஒரு தனி நோயின் பெயரன்று. ரூமற்றோயிட் மூட்டுவாதத்தில் உடலின் நோயெதிர்ப்புத் தொகுதியே மூட்டைத் தாக்குகிறது. என்பு மூட்டுவாதத்தில் கசியிழையம் படிப்படியாகச் சிதைகிறது. விபத்தினாலோ விளையாட்டினாலோ காயமடைந்த மூட்டில் பிற்காலத்தில் என்பு மூட்டுவாதம் உண்டாகும் வாய்ப்பு அதிகம். இப்பாடம் பிந்திய இரண்டையும் பற்றியது.

3. மாற்றுவதா, வளர்ப்பதா?

(அ) மாற்றுதல்: இங்கிலாந்தின் றைற்றிங்ரன் வைத்தியசாலையில் ஜோன் சார்ன்லி என்ற சத்திரசிகிச்சை நிபுணர் 1962இல் உலோகத்தையும் கடினமான பொலித்தீனையும் கொண்ட செயற்கை இடுப்பு மூட்டைப் பொருத்தினார். இன்று இடுப்பு, முழங்கால் மாற்றுச் சிகிச்சைகள் பல நாடுகளில் வழமையானவை. முதியவர்களுக்கு இவை பெரும் நன்மை தருகின்றன. ஆனால் செயற்கை மூட்டும் தேயும். முப்பது வயதில் ஒருவருக்குப் பொருத்தினால் அவர் வாழ்நாளில் மீண்டும் மாற்ற நேரலாம்.

(ஆ) என்பில் நுண்துளையிடல்: ஐக்கிய அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்திலுள்ள வெயில் நகரில் பணியாற்றிய றிச்சர்ட் ஸ்ரெட்மன் இம்முறையைப் பரவச் செய்தார். கசியிழையம் இல்லாத இடத்தில் என்பிலே சிறு துளைகள் இடப்படும். என்பு மச்சையிலிருந்து குருதியும் கலங்களும் வெளிவந்து துளையை மூடும். ஆயினும் இவ்வாறு உருவாவது பெரும்பாலும் நார்க்கசியிழையம். அது முன்னிருந்த பளிங்குக் கசியிழையத்தைப் போல நீண்டகாலம் தாக்குப்பிடிப்பதில்லை. தமது சத்திரசிகிச்சைகளின் பெறுபேறுகளை ஆராய்வதற்காக ஸ்ரெட்மன் 1988இல் ஓர் இலாபநோக்கற்ற ஆராய்ச்சி நிறுவகத்தை ஆரம்பித்தார். அது ஸ்ரெட்மன் பிலிப்பொன் ஆராய்ச்சி நிறுவகம் என்ற பெயரில் இயங்குகிறது.

(இ) சொந்தக் கலங்களை வளர்த்து வைத்தல்: சுவீடனின் கொதன்பேர்க் நகரில் லார்ஸ் பீற்றர்சன், மற்ஸ் பிரிற்பேர்க் ஆகியோரின் குழு 1987இல் முதல் நோயாளிக்கு இதனைச் செய்தது. படிமுறை வருமாறு:

1. முழங்காலில் பாரம் அதிகம் படாத இடத்திலிருந்து சிறு கசியிழையத் துண்டு எடுக்கப்படும்.
2. அதிலிருந்து கலங்கள் பிரிக்கப்பட்டு ஆய்வுகூடத்தில் இரண்டு மூன்று வாரங்கள் வளர்க்கப்படும்.
3. பெருகிய கலங்கள் சேதமடைந்த குழியினுள் இடப்படும்.
4. அவை வெளியேறாதிருக்க என்பைச் சூழ்ந்த மென்சவ்வின் துண்டொன்று மேலே தைக்கப்படும்.

4. தரவை வாசிக்கும் முறை

கொதன்பேர்க் குழு 1994இல் தன் முடிவுகளை வெளியிட்டது. மொத்தம் 23 நோயாளிகள். தொடையென்பின் கீழ்முனையில் சேதம் இருந்தவர்கள் 16 பேர். அவர்களில் 14 பேருக்கு நல்ல அல்லது மிக நல்ல பலன். முழங்காற்சில்லில் சேதம் இருந்தவர்கள் 7 பேர். அவர்களில் 2 பேருக்கே அத்தகைய பலன்.

இப்போது கணக்கிடுங்கள். முதற் கூட்டத்தில் 87.5 வீதம். இரண்டாம் கூட்டத்தில் ஏறக்குறைய 29 வீதம். இரண்டையும் சேர்த்தால் 23 பேரில் 16 பேர், அதாவது ஏறக்குறைய 70 வீதம். “70 வீத வெற்றி” என்று விளம்பரம் செய்தால் அது பொய்யன்று. ஆனால் முழங்காற்சில்லில் சேதமுள்ள நோயாளி அதை நம்பிச் சென்றால் ஏமாற்றமடைய இடமுண்டு. சராசரி ஒன்றைக் கண்டால் அது எந்தெந்தக் கூட்டங்களைச் சேர்த்துப் பெறப்பட்டது என்று கேளுங்கள்.

இன்னொரு குறையையும் கவனியுங்கள். இந்த 23 பேருடன் ஒப்பிட, வேறு சிகிச்சை பெற்ற கூட்டம் ஒன்று இருக்கவில்லை. பின்னர் பல நாடுகளில் ஒப்பீட்டு ஆய்வுகள் நடந்தன. இங்கிலாந்தில் சிகிச்சைகளை மதிப்பிடும் நைஸ் என்ற அரச நிறுவனம் 2017இல் இம்முறையைச் சில நிபந்தனைகளுடன் சிபாரிசு செய்தது. சேதம் 2 சதுர சென்ரிமீற்றருக்கு மேற்பட்டதாக இருக்க வேண்டும். என்பு மூட்டுவாதம் மிகச் சிறிதளவே இருக்க வேண்டும். அக்கசியிழையத்தைத் திருத்த முன்பு சத்திரசிகிச்சை செய்திருக்கக் கூடாது. எனவே இது காயமடைந்த இளைஞருக்கு உதவக்கூடிய முறை. முழங்கால் முழுவதும் தேய்ந்த முதியவருக்குரியதன்று.

5. ஒப்பீட்டுக் கூட்டம் ஏன் வேண்டும்?

மூட்டு நோவு ஒருநாள் கூடும், ஒருநாள் குறையும். நோவு உச்சத்தில் இருக்கும்போதே மனிதர் வைத்தியரிடம் செல்வர். அதன்பின் எதுவும் செய்யாவிட்டாலும் சிலருக்கு அது குறையும். சிகிச்சை பெற்றோம் என்ற நம்பிக்கையும் நோவைக் குறைக்கும். ஆகவே “ஊசி போட்டேன், சுகமாயிற்று” என்ற ஒருவரின் கூற்று உண்மையாக இருந்தாலும், ஊசியால்தான் சுகமாயிற்று என்பதற்கு அது சான்றாகாது.

உதாரணம் 1: அமெரிக்காவின் ஹூஸ்ரன் நகரில் என்பு மூட்டுவாதம் உள்ள 180 பேரிடம் செய்யப்பட்ட ஆய்வு 2002இல் வெளியானது. ஒரு கூட்டத்துக்கு உள்நோக்கிக் கருவியினால் முழங்காலைச் சுத்திகரித்தனர். இன்னொரு கூட்டத்துக்குக் கழுவினர். மூன்றாம் கூட்டத்துக்குத் தோலில் மட்டும் வெட்டுக்கள் இட்டுத் தைத்தனர். தமக்கு எது செய்யப்பட்டதென நோயாளிகளுக்குத் தெரியாது. போலிச் சிகிச்சை கிடைக்கலாம் என்பதை அறிந்தே அவர்கள் சம்மதித்தனர். இரண்டு ஆண்டுகள் வரை பார்த்தபோது, போலிச் சிகிச்சை பெற்றவர்களைவிட மற்றவர்களின் நோவு குறைந்திருக்கவில்லை. அக்காலத்தில் இது பெருமளவில் செய்யப்பட்டு வந்த சத்திரசிகிச்சை என்பதை நினைவிற் கொள்க.

உதாரணம் 2: நோயாளியின் குருதியிலிருந்து சிறுதட்டுக்களைச் செறிவாக்கி மூட்டினுள் ஏற்றும் முறை பல நாடுகளில் விற்கப்படுகிறது. அவுஸ்திரேலியாவில் 288 பேரிடம் இதனை உப்புநீர் ஊசியுடன் ஒப்பிட்ட ஆய்வு 2021இல் வெளியானது. ஒரு வருடத்தின் பின் நோவிலும் கசியிழையத்தின் கனவளவிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

6. இலாபநோக்கற்ற நிறுவனங்களின் பங்கு

ஒரு சிகிச்சையை ஏற்கெனவே விற்றுப் பணம் ஈட்டும் நிலையம் அதனை உப்புநீருடன் ஒப்பிட்டுப் பார்க்குமா? பார்த்தால் பலனில்லை என்று முடிவு வரலாம்; வருமானம் நின்றுவிடலாம். ஆகவே அதற்கு அவ்வாய்வைச் செய்யும் தூண்டுதல் குறைவு. நோயாளி தனியே ஆய்வு செய்யவும் முடியாது. இந்த இடைவெளியை அரச ஆராய்ச்சி நிதியமும் இலாபநோக்கற்ற நிறுவனங்களுமே நிரப்புகின்றன.

பிரித்தானியாவில் 1936இல் ஆரம்பிக்கப்பட்ட மூட்டுவாத அறநிறுவனம் பல பெயர்மாற்றங்களின் பின் 2018 முதல் வேர்சஸ் ஆத்ரைற்றிஸ் என்ற பெயரில் இயங்குகிறது. பொதுமக்களின் நன்கொடையே அதன் பலம். மூட்டு இழையங்களை மீள வளர்க்கும் ஆராய்ச்சிக்கென 2011இல் ஒரு நிலையத்துக்கு அது நிதி வழங்கியது.

மிகப் பயனுள்ள உதாரணம் அமெரிக்காவிலிருந்து வருகிறது. மூலக்கலச் சிகிச்சை என்ற பெயரில் விற்கப்படும் ஊசிகளுக்குப் பலன் உண்டா என்று அறிய எமொரி பல்கலைக்கழகம் முதலியன சேர்ந்து சுமார் 480 நோயாளிகளிடம் ஆய்வு நடத்தின. பணம் வழங்கியது மார்க்கஸ் அறக்கட்டளை என்னும் தனியார் கொடை நிறுவனம். என்பு மச்சையிலிருந்து பெற்ற கலங்கள், கொழுப்பிழையத்திலிருந்து பெற்ற கலங்கள், தொப்புள்கொடியிலிருந்து பெற்ற கலங்கள் ஆகிய மூன்றும், பல ஆண்டுகளாகப் பாவனையிலுள்ள ஸ்ரீரொயிட் ஊசியுடன் ஒப்பிடப்பட்டன. முடிவு 2023இல் வெளியானது. ஒரு வருடத்தின் பின் நோவைக் குறைப்பதில் மூன்றில் எதுவும் ஸ்ரீரொயிட் ஊசியைவிட மேலானதாக இருக்கவில்லை.

இம்முடிவைக் கண்டு பணம் வீணாயிற்று என்று எழுதும் மாணவர் பலர். சிந்தித்துப் பாருங்கள். நகையை ஈடுவைத்தோ காணித்துண்டை விற்றோ விலைகூடிய கல ஊசி போட எண்ணும் ஒரு குடும்பத்துக்கு இம்முடிவு எவ்வளவு பெறுமதியானது! ஆராய்ச்சியாளரும் எந்த வழியில் தொடர்வது, எதைக் கைவிடுவது என்று இதிலிருந்து அறிகின்றனர்.

அதேவேளை, இலாபநோக்கற்றது என்ற சொல்லைக் கண்டவுடன் எல்லாவற்றையும் நம்பிவிடவும் கூடாது. கொடையாளிக்கும் விருப்புவெறுப்பு உண்டு. இத்தகைய நிறுவனங்கள் கம்பனிகளின் பணத்தைப் பெறுவதும் உண்டு. ஆகவே எந்த ஆய்வானாலும் பின்வரும் நான்கையும் கேட்க வேண்டும்.

• ஒப்பீட்டுக் கூட்டம் இருந்ததா?
• யாருக்கு எந்தச் சிகிச்சை என்பது எழுமாற்றாகத் தீர்மானிக்கப்பட்டதா?
• எத்தனை பேர், எவ்வளவு காலம் அவதானிக்கப்பட்டனர்?
• பணம் யாருடையது? முடிவு பாதகமானாலும் வெளியிடப்பட்டதா?

7. மாதிரி வினாக்களும் விடைக் குறிப்புகளும்

வினா 1: கையிலுள்ள காயம் ஆறுவதுபோல மூட்டுக் கசியிழையக் காயம் ஆறாதது ஏன்?
விடை: கசியிழையத்தில் குருதிக்கலன்கள் இல்லை. எனவே திருத்தும் கலங்களும் போதிய போசணையும் காயத்தை அடைவதில்லை. அதிலுள்ள கலங்களும் மிகக் குறைவு. (“வயதானதால்” என்று மட்டும் எழுதினால் புள்ளி கிடையாது, இளைஞருக்கும் ஆறுவதில்லை.)

வினா 2: “எங்கள் ஊசியைப் பெற்ற 100 பேரில் 60 பேருக்கு நோவு குறைந்தது.” இவ்விளம்பரத்தை மதிப்பிடுக.
விடை: ஊசி பெறாத அல்லது உப்புநீர் ஊசி பெற்ற 100 பேரில் எத்தனை பேருக்கு நோவு குறைந்தது எனக் கூறப்படவில்லை. அங்கும் 60 பேருக்குக் குறைந்திருந்தால் ஊசியால் மேலதிகப் பலன் இல்லை. நோயின் நிலை, அவதானித்த காலம், அளவிட்டவர் யார் என்பனவும் தரப்படவில்லை.

வினா 3: 2023இல் வெளியான அமெரிக்க ஆய்வு, கசியிழையத்தை மீள வளர்க்கவே முடியாது எனக் காட்டுகிறதா?
விடை: இல்லை. குறித்த மூன்று வகை ஊசிகள், குறித்த நோயாளிகளில், ஒரு வருட காலத்தில் ஸ்ரீரொயிட் ஊசியைவிட நோவை அதிகம் குறைக்கவில்லை என்று மட்டுமே காட்டுகிறது. தரவு கூறுவதற்கு அப்பால் முடிவு எழுதலாகாது.

மூன்றாம் வினாவிலேயே பலர் புள்ளியை இழப்பர். ஆகவே அதன் விடையை மனனஞ் செய்யாது விளங்கிக் கொள்ளுங்கள். பின்னர் மேலுள்ள நான்கு கேள்விகளையும் ஒரு தாளில் எழுதி, பத்திரிகையில் வரும் ஏதாவது ஒரு மருந்து விளம்பரத்துக்கு அவற்றைப் பிரயோகித்துப் பாருங்கள். எத்தனை கேள்விகளுக்கு அவ்விளம்பரத்தில் விடை இருக்கிறது என்று எண்ணி, உங்கள் விடையை வகுப்பு நண்பருடன் ஒப்பிடுங்கள். வீட்டில் யாராவது மூட்டு நோவுக்குப் புதிய சிகிச்சை பற்றிக் கேட்டால், வைத்தியரிடம் போகும்போது அந்தத் தாளையும் அவர்கள் கையில் கொடுத்து விடுங்கள்.