கறள் பிடித்த கொடுவாக்கத்தியைச் சீராக்குதல்

கமக்காரர்களே! கறள் பிடித்ததென மூலையிற் போட்ட கொடுவாக்கத்தியைப் பழைய இரும்புக்கு விற்றுவிடாதீர்கள். பெரும்பாலும் மேற்புறமே அரிபட்டிருக்கும். உள்ளே உருக்கு நலமாக இருக்கும்.

முதலிற் பிடியைக் கழற்றிப் பாருங்கள். பிடிக்குள் செல்லும் இரும்பு வெடித்தோ, கறள் தின்று மெலிந்தோ இருப்பின் அக்கத்தியைப் பாவித்தலாகாது. வெட்டும்போது அலகு தெறித்து அருகில் நிற்பவரைக் காயப்படுத்தும்.

குறையில்லையெனில் அலகை ஓர் இரவு வினாகிரியில் ஊறவைக்கவும். அதற்கு மேல் ஊறினால் நல்ல இரும்பும் அரிபடும். மறுநாள் செங்கற்றூளைத் தொட்டுத் தேங்காய்த் தும்பினால் நன்கு தேய்க்கவும். பின்னர் அப்பச்சோடா கரைத்த நீரிற் கழுவி, உடனே துடைத்து வெயிலில் உலர்த்தவும்.

கறள் போக்கவென அலகை நெருப்பிலிடுதல் பெருந்தவறு. தோய்ச்சல் கெட்டுவிடும், பின்பு எவ்வளவு தீட்டினும் கூர் நில்லாது. மின்சாணையில் நீலம் பாயத் தேய்ப்பினும் இதே கேடு விளையும். ஆகவே நீர் தெளித்துச் சாணைக்கல்லில் ஆறுதலாகத் தீட்டவும்.

புதுப் பிடிக்கு நன்கு உலர்ந்த பூவரசங்கட்டை ஏற்றது. பச்சை மரம் காயும்போது வெடித்துத் தளரும். தளர்ந்த பிடி கைக்கு ஆபத்து. முடிவில் அலகில் எண்ணெய் பூசவும்.

காலபோகத்திற்கு வரம்பும் வேலியும் துப்புரவாக்கத் தொடங்குமுன் இவ்வேலையை முடித்துக்கொள்ளுங்கள். நாள்தோறும் வேலை முடிந்ததும் கத்தியைத் துடைத்து வைப்பின் கறள் மீண்டும் அணுகாது.