இன்ஸ்டால் பண்ணாமலே ஓடட்டும்!

போன செமஸ்டர் புராஜெக்ட் ரிவ்யூ. லேப் கம்ப்யூட்டரில் எங்கள் செட்அப் ஃபைலை டபுள் கிளிக் பண்ணினோம். அட்மின் பாஸ்வேர்டு கேட்டது. பாஸ்வேர்டு தெரிந்த லேப் அண்ணா அன்றைக்குப் பார்த்து லீவு! நாலு மாச உழைப்பு பென் டிரைவுக்குள்ளேயே கிடந்தது. கடைசியில் ஸ்க்ரீன்ஷாட்டைக் காட்டிச் சமாளித்தோம். "ஓடாத புராஜெக்ட்டுக்கு நான் எப்படிப்பா மார்க் போடறது?" என்று கேட்டார் சார். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் தேடியபோது கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இன்ஸ்டாலர் என்ன செய்கிறது?

விண்டோஸில் இன்ஸ்டாலர் பொதுவாக ஃபைல்களை 'புரோகிராம் ஃபைல்ஸ்' ஃபோல்டரில் போடும், ரெஜிஸ்ட்ரியில் குறிப்பு எழுதும், ஸ்டார்ட் மெனுவில் ஷார்ட்கட் வைக்கும். அந்த ஃபோல்டர் கம்ப்யூட்டரைப் பயன்படுத்தும் எல்லோருக்கும் பொது. அதனால் சாதாரண அக்கவுண்ட் அதில் எழுத முடியாது. பாஸ்வேர்டு கேட்பது அதற்காகத்தான்.

போர்ட்டபிள் என்றால்?

எல்லாமே ஒரே ஃபோல்டருக்குள். ஜிப்பைப் பிரித்தால் ஓடும், ஃபோல்டரை அழித்தால் போய்விடும். 2004-இல் ஜான் ஹாலர் என்பவர் ஃபயர்ஃபாக்ஸை பென் டிரைவிலிருந்தே ஓடும்படி தயார் செய்தார். அதுதான் பின்னாளில் 'போர்ட்டபிள் ஆப்ஸ்' தளமாக வளர்ந்தது. இன்றைக்கு நோட்பேட் பிளஸ் பிளஸ், விஎல்சி, பிளெண்டர் எல்லாமே இன்ஸ்டாலரோடு ஜிப்பும் தருகின்றன.

ஒன்றைக் கவனியுங்கள்: ஜிப்பில் வருவதெல்லாம் போர்ட்டபிள் ஆகிவிடாது. விஎஸ் கோட் ஜிப்பைப் பிரித்து ஓட்டினாலும், செட்டிங்ஸும் எக்ஸ்டென்ஷன்களும் அந்தக் கம்ப்யூட்டரின் யூசர் ஃபோல்டருக்குத்தான் போகும். பிரித்த ஃபோல்டருக்குள் 'டேட்டா' என்று ஆங்கிலத்தில் பெயரிட்டு ஒரு காலி ஃபோல்டர் உருவாக்குங்கள். அதன்பின் எல்லாம் அங்கேயே சேரும்.

நம்ம புராஜெக்ட்டை எப்படி மாற்றுவது?

1. கோடில் உங்கள் லேப்டாப்பின் முழு பாத்தை எழுதாதீர்கள். எக்ஸ்இ இருக்கும் ஃபோல்டரைக் கண்டுபிடித்து, அங்கிருந்து பாத் போடுங்கள். பென் டிரைவின் டிரைவ் எழுத்து ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் மாறலாம்.

2. தேவையான லைப்ரரிகளையும் சேர்த்தே கொடுங்கள். பைத்தானுக்கு பைஇன்ஸ்டாலர், க்யூட்டிக்கு விண்டிப்ளாய்க்யூட்டி, டாட்நெட்டுக்கு 'செல்ஃப் கன்டெய்ன்ட்' பப்ளிஷ்.

3. பைஇன்ஸ்டாலரின் 'ஒன்ஃபைல்' முறையில் ஒரு பொறி இருக்கு. புரோகிராம் தற்காலிக ஃபோல்டரில் பிரிந்து ஓடும், மூடியதும் அது அழிந்துவிடும். டேட்டாபேஸை அங்கே சேமித்தால் அதுவும் போச்சு! ஃபோல்டராகக் கிடைக்கும் 'ஒன்டைர்' முறையே நல்லது.

4. செட்டிங்ஸை ரெஜிஸ்ட்ரியில் எழுதாமல், எக்ஸ்இ பக்கத்திலேயே ஒரு ஃபைலில் எழுதுங்கள்.

5. பைத்தான், க்யூட்டி எதுவுமே இல்லாத நண்பர் லேப்டாப்பில், அட்மின் அல்லாத அக்கவுண்ட்டில் ஓட்டிப் பாருங்கள். நம்ம மெஷினில் ஓடுவது டெஸ்ட் ஆகாது.

குறையே இல்லையா?

இருக்கு. பெரும்பாலும் அப்டேட் தானாக வராது, நாம்தான் புது ஜிப் இறக்கணும். டிரைவர் தேவைப்படும் ஹார்டுவேர் புராஜெக்ட் என்றால், அந்த டிரைவருக்கு அட்மின் அனுமதி வேண்டியிருக்கும். பாஸ்வேர்டு சேமித்த பிரௌசரோடு பென் டிரைவ் தொலைந்தால் ஆபத்து. டவுன்லோடை அதிகாரப்பூர்வ தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். அங்கே எஸ்ஹெச்ஏ-256 கொடுத்திருந்தால் ஒப்பிட்டுப் பாருங்கள். சில லேப்களில் வெளி எக்ஸ்இ எதையுமே ஓட விடமாட்டார்கள். குறுக்கு வழி தேடாமல் இரண்டு நாள் முன்னாடியே கேட்டுவிடுங்கள்.

அதனால் இன்ஸ்டாலரை விட்டுவிடச் சொல்லவில்லை. தினமும் பயன்படுத்துபவருக்கு அது வசதி. பக்கத்திலேயே ஒரு ஜிப்பும் வையுங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

அடுத்த ரிவ்யூவுக்கு ஜிப்போடு போனோம். டெஸ்க்டாப்பில் பிரித்தோம், ஓடியது. இந்த முறை சார் கேட்டது புராஜெக்ட்டைப் பற்றிய கேள்விகள். அதற்குப் பதில் சொல்லத்தானே நாலு மாசம் உழைத்தோம்!